துரையின் குதிரைக்குப் பத்தனைப் புல்

குதிரை நின்றபடியே தூங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது பாதிதான் சரி. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்ற நிலையில் கண்ணயர்வதற்கு ஏற்ற உடலமைப்பு அதற்கு உண்டு. ஆழ்ந்த உறக்கத்துக்கு அது கீழே படுத்தே ஆகவேண்டும். நாளில் ஒரு மணிநேரம்கூடத் தேவைப்படாது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரமும் பல நாட்கள் கிடைக்காமல் போனால், நின்றிருக்கும்போதே முன்கால் மடிந்து சரியும். முழங்கால் அடிபட்டுப் புண்ணாகும். தரை ஈரமாகவோ வழுக்கலாகவோ இருந்தால் குதிரை படுக்கத் தயங்கும். அதனால் குதிரையைக் கட்டி வளர்த்த ஊர்களில் அதற்குப் படுக்கை போடவென்று ஓர் ஆள் இருந்திருக்கிறார். நமுனுகுல மலைச்சரிவில் அந்த ஆட்களில் ஒருத்தி என் அப்பாயி.

தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்காரர். அப்பாயி புல்லுக்காரி. என் அப்பா சிறுவனாக இருந்தபோது அவர்கள் இருவருக்கும் கைக்கு உதவியாக லாயத்தில் வளர்ந்தவர். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். குதிரையை வளர்த்தவன் இல்லை. அப்பா தன் கடைசிக் காலம்வரை திண்ணையில் உட்கார்ந்து சொன்னவற்றைக் கேட்டு வைத்திருக்கிறேன். துரைமார் எழுதிய பழைய நூல்களை வாசித்திருக்கிறேன். அந்த நூல்களில் குதிரை உண்டு, குதிரையின் நிறமும் குணமும் உண்டு, அது தாண்டிய ஓடையும் உண்டு. அதற்குக் கீழே புல் விரித்த கையைப் பற்றி அநேகமாக ஒன்றுமே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமுனுகுல 2,036 மீற்றர் உயரமுள்ள மலை. ஒன்பது சிகரம் என்பார்கள். பதுளையிலிருந்து பார்த்தாலும் பசறையிலிருந்து பார்த்தாலும் அது கண்ணில் படாமல் இருக்காது. 1840களில் ஊவாவில் காப்பித் தோட்டங்கள் திறக்கத் தொடங்கியபோது இந்தப் பக்கத்தில் வண்டி போகும் பாதைகள் மிகக் குறைவு. பதுளையில் கட்டளை அதிகாரியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் பாதை போட்டவர் என்று பெயரெடுத்தவர். நூற்றுக்கணக்கில் யானைகளைச் சுட்டவர் என்ற கெட்ட பெயரும் அவருக்கு உண்டு. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்த சென் மார்க் தேவாலயம் பதுளை நகரில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு துரை தன் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கவும், பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் காணவும், பதுளைக் கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் போகவும் குதிரை தவிர வேறு வழி இல்லை. ரயில் நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அடுத்த ஆண்டு ஊவா தனி மாகாணமானது. அப்புத்தளைக்கு ரயில் வந்தது 1893இல், பண்டாரவளைக்கு 1894இல். அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. அந்த இடைப்பட்ட முப்பது வருடமும் பண்டாரவளை ஸ்டேசனில் இறங்கிய துரை, தன் குதிரையையும் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற குதிரைக்காரனையும் தேடித்தான் பிளாட்போமைவிட்டு வெளியே வந்தார்.

குதிரை இந்த மலைக்குச் சொந்தமான பிராணி இல்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து பெரிய குதிரைகள் கப்பலில் வந்தன. பம்பாய் வழியாக அரபுக் குதிரை வந்தது. பர்மாவிலிருந்து வந்த மட்டக்குதிரைகள் மலைப்பாதைக்குத் தோதானவை. நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலம் தொட்டுக் குதிரை வளர்ப்பு இருந்தது. அந்தக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அந்தத் தீவில் காட்டுத்தனமாக மேய்கின்றன. வறண்ட வெளிகளில் வளர்ந்த ஒரு பிராணியை, ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் மழையும் மூட்டமுமாக இருக்கும் சரிவில் கொண்டுவந்து கட்டினால் என்ன ஆகும்? குளம்பு அழுகும். குளம்பின் அடியில் மெத்தென்று முக்கோணமாக ஒரு பகுதி இருக்கிறது. சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் நின்றால் அதுதான் முதலில் கறுத்து நாற்றமெடுக்கும். பிறகு நொண்டும். நொண்டும் குதிரையால் துரைக்குப் பயனில்லை. மூத்திரத்திலிருந்து எழும் காரநெடி அதன் நுரையீரலையும் கெடுக்கும்.

இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்த வெள்ளைக்காரக் குதிரைக்காரன் இந்த மலைக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தன்னோடு அப்படி ஒருவரைக் கொண்டுவந்தார். அந்த மனிதர் குடித்துவிட்டு வண்டியையும் குதிரைகளையும் மலைப்பாதையிலிருந்து பள்ளத்தில் கவிழ்த்த கதையைப் பேக்கரே தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். தோட்டத்துரைமார் நம்பியது தமிழ்நாட்டிலிருந்து வந்த குதிரைக்காரனை. சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரன் வீட்டு வழக்கம் அப்படியே இங்கே வந்தது: குதிரைக்கு ஒரு குதிரைக்காரன், ஒரு புல்லுக்காரன். அந்தப் புல்லுவெட்டும் வேலை பல இடங்களில் குதிரைக்காரனின் மனைவிக்குத்தான் போனது.

குதிரைக்காரனின் வேலை என்றால் குதிரையைக் குளிப்பாட்டித் தேய்ப்பது மட்டும் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கலாம். துரை ஏறிப் போனால் அவன் கூடவே ஓட வேண்டும். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடிக்க அவன் அங்கே நிற்க வேண்டும். தாத்தா தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு மழையில் பதுளை கிளப்வரை ஓடி, இருட்டியபின் லாந்தரோடு முன்னால் நடந்து திரும்பி வருவாராம். வந்ததும் முதலில் குதிரையைத் துடைத்து, காயவைத்து, அதற்குப் போர்வை போட்டுக் கட்ட வேண்டும். அதன் பிறகே தன் தலையைத் துவட்டுவார். அவர் வந்து சேரும் நேரத்துக்குப் படுக்கை தயாராக இருக்க வேண்டும். அது அப்பாயியின் பொறுப்பு.

இனி அந்தப் படுக்கையைச் சொல்கிறேன்.

லாயம் பங்களாவுக்குப் பின்னால், சற்றுக் கீழே, காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்கும். கருங்கல் சுவர், தகரக்கூரை. ஒரு கோடியில் குதிரைக்காரனின் காம்பரா. தரை முன்பக்கமாக மெல்லச் சரிந்து, நடுவில் ஒரு சின்ன வடிகாலில் போய் முடியும். சரிவு அதிகமாக இருந்தால் குதிரைக்குக் கால் நரம்பு வலிக்கும். இல்லாமலே இருந்தால் மூத்திரம் தேங்கும். ஒரு குதிரை ஒரு நாளில் ஐந்து முதல் பத்து லீற்றர் மூத்திரம் பெய்யும். பெரிய குதிரையானால் சாணம் இருபது கிலோ அளவுக்கு வரும். இரண்டும் அந்த ஓர் அறைக்குள்தான்.

விடியுமுன் குதிரையை வெளியே கொண்டுவந்து கட்டுவார்கள். அப்பாயி நாலுபல்லு முள்ளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். முதலில் மேலே தெரியும் சாணத்தைக் கூடையில் அள்ளுவாள். பிறகு புல்லை முள்ளால் தூக்கித் தூக்கி உதறுவாள். காய்ந்தது இலேசாக இருப்பதால் முள்ளிலேயே நிற்கும். நனைந்தது கனத்துக் கீழே விழும். காய்ந்ததை மூன்று சுவரோரமாகவும் அணைத்துக் குவிப்பாள். நனைந்ததை வெளியே இழுத்துப் போடுவாள். தரையைக் கழுவிப் பெருக்கி, ஈரம் நிற்கும் இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். கதவின் மேல்பாதியைத் திறந்து வைத்துவிட்டு, தரை காயும்வரை எதையும் பரப்பக்கூடாது. ஈரத்தரையில் புதுப்புல்லைப் போடுவதைவிடச் சும்மா விடுவது மேல் என்பது அவள் கட்டளை. பகலில் குதிரை உள்ளே நிற்க நேர்ந்தால் மெல்லிய விரிப்பு மட்டும். முழுப்படுக்கை போடுவது சாயங்காலம்.

சாயங்காலப் படுக்கையில்தான் கைப்பழக்கம் தெரியும். அடியில் பழைய காய்ந்த புல். அதன்மேல் புதியது. ஒரே திசையில் பரப்பினால் குதிரை திரும்பும்போது எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அதனால் குறுக்கும் நெடுக்குமாக உதறிப் போட வேண்டும். நடுவில் முக்கால் அடியிலிருந்து ஓரடிவரை கனம். சுவரோரத்தில் அதைவிட உயரமாக வரப்புப்போல் அணைத்து அமுக்க வேண்டும். இந்த வரப்பு ஏன் என்று நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். சுவர் வழியாக வரும் குளிரைத் தடுக்க என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. குதிரை படுத்துப் புரளும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் கால்களை மடக்கி எழ இடமிருக்காது. உதைத்து உதைத்து, பயந்து, உடம்பைக் கிழித்துக்கொள்ளும். சில குதிரைகள் அப்படியே செத்தும் போகும். வரப்பு இருந்தால் அது சுவர்வரை உருளாது. வாசல் ஓரத்திலும் புல்லை உள்பக்கமாக மடித்து அணைப்பார்கள். நடையில் புல் சிதறாமல் இருக்க.

படுக்கை சரியா என்று பார்க்க இரண்டு சோதனை உண்டு. முள்ளை நேராகக் குத்தினால் பல் தரையில் முட்டும் சத்தம் கேட்கக்கூடாது. இரண்டாவது கைச் சோதனை. அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “டேய், முள்ள வச்சிட்டுக் கையக் கீழவரைக்கும் விட்டுப் பாரு. ஒங்கையி நனைஞ்சா அது வயிறும் நனையும்.” அப்பாயி அவருக்குச் சொன்ன வார்த்தை அது. முழங்கையும் கணுக்காலும் தரையில் உரசிப் புண்ணாகிவிட்டால் துரை காலையில் குனிந்து பார்ப்பார். பார்த்தால் ஏச்சு நிச்சயம்.

வெள்ளைக்காரன் நாட்டில் கோதுமை வைக்கோலைப் பரப்பினான். இங்கே கோதுமை கிடையாது. என்ன கிடைத்தது? நமுனுகுலச் சரிவிலும் பதுளை, வெலிமடைப் பக்கங்களிலும் பத்தனை என்று நாம் சொல்லும் புல்மலைகள் மைல் கணக்கில் கிடந்தன. அதில் மானாப்புல் ஆளுயரம் வளரும். தேயிலைச் செடிக்கு மூடாக்குப் போடவும் கூரை வேயவும் இன்றைக்கும் வெட்டுகிறார்களே, அதே புல். காப்பிக் காலத்தில் மாட்டுப்பட்டியில் அதைப் பரப்பி, மாடு மிதித்து நனைத்த பின் எடுத்துக் காப்பிக்கு எருவாகப் போட்டார்கள். குதிரைக்கு அதில் ஒரு நன்மை, ஒரு தீமை. எலுமிச்சை போல மணக்கும் எண்ணெய் அதில் இருப்பதால் ஈ அண்டுவது குறைவு. முற்றிய மானாவைக் குதிரை விரும்பித் தின்னவும் மாட்டாது. தீமை, அது தடித்த புல். ஓரம் கீறும். தண்ணீரை உறிஞ்சுவதிலும் வைக்கோல் அளவுக்கு வராது.

அப்பாயி கண்ட வழி, மானாவை அடியிலும் நெல்வைக்கோலை மேலேயும் போடுவது. மூத்திரம் மேலே இருக்கும் வைக்கோலைத் தாண்டித் தடித்த மானாத் தண்டுகளுக்கிடையே இறங்கிச் சரிவில் ஓடிவிடும்; குதிரையின் தோலுக்குப் படுவது மெதுவான வைக்கோல். வைக்கோல் மட்டும் போட்டால் குதிரை படுக்கையையே தின்றுவிடும். நெல்வைக்கோல் குதிரை வயிற்றுக்கு அவ்வளவு ஒத்துக்கொள்ளாது. அளவு மிஞ்சினால் குடலில் அடைத்து வயிற்றுவலியில் உருளும். அதனால் புதுவைக்கோலின் மேல் நேற்றைய படுக்கையில் காய்ந்து கிடந்ததைக் கொஞ்சம் தூவிவிடுவாள். மணம் பிடிக்காமல் குதிரை வாய் வைக்காது. பத்தனையில் மானாவோடு கலந்து வரும் பன்னத்தையும் இலை இலையாகப் பொறுக்கி எறிய வேண்டும். பன்னத்தைத் தொடர்ந்து தின்ற குதிரை நரம்பு தளர்ந்து தள்ளாடும் என்பதை இன்றைய மிருக வைத்தியமும் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தாள்.

வைக்கோல் கீழே சிங்களக் கிராமத்து வயல்களிலிருந்து வந்தது. களத்தில் எருமை மிதித்துப் போட்ட வைக்கோல் நொறுங்கி மெதுவாக இருக்கும். படுக்கைக்கு அதுதான் உத்தமம். பெரும்போக அறுவடை முடிந்ததும் மாசி பங்குனியில் ஒரு தடவை, சிறுபோகம் முடிந்து ஒரு தடவை என்று வாங்கிப் போர் போட்டு வைப்பார்கள். பணமாகக் கொடுத்தது பங்களாவின் கணக்கு. அப்பாயிக்கும் அந்த வயல்காரப் பெண்களுக்கும் இடையில் வேறு கொடுக்கல் வாங்கல் இருந்தது. குதிரைச் சாணம் மக்கியது கூடை கூடையாகக் கீழே போனது. காய்கறியும் பலாக்காயும் மேலே வந்தன. அவள் பேசிய சிங்களம் வயலோரத்தில் கற்றது.

மானாவுக்குக் காலம் வேறு. எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி வரும் காற்று ஈரமில்லாமல் வரட்சியாக அடிக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் வருவது அந்தக் காற்றில்தான் என்பது உலகறிந்த செய்தி. படுக்கைப் புல் காய்வதும் அதே காற்றில்தான். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்குமுன் நாலு மாதத்துக்கான புல்லை வெட்டி, காயவைத்து, கட்டி, லாயத்துப் பரணில் ஏற்றிவிட வேண்டும். மழைக்குள் வெட்டிய புல் பரணில் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணப் புல்லில் படுத்த குதிரை இருமத் தொடங்கினால் சவாரிக்கு உதவாது. இதில் இன்னொரு போட்டியும் உண்டு. அந்த வரட்சி மாதங்களில் மாட்டுக்குப் புதுத்தளிர் வரட்டும் என்று கிராமத்தவர்கள் பத்தனைக்குத் தீ வைப்பார்கள். தீ வருவதற்கு முன் புல்லை வெட்ட வேண்டும். அப்பாயி இருட்டோடு எழுந்து, சாக்கை முக்காடாகப் போட்டு, அரிவாளோடு ஏறிவிடுவாள். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று கேட்டால் அப்பா சொல்லமாட்டார். “கழுத்து இறங்குற வரைக்கும்” என்பார். ஓடையோரம் போனால் அட்டை. மேட்டுக்குப் போனால் மானா கீறிய கை.

இவ்வளவும் சொன்னபின் அளவு ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. கட்டாமல் விட்டு வளர்க்கும் குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை வேண்டும் என்பது குதிரைக்காரர்களிடம் இன்றும் வழங்கும் அளவு. எங்கள் தோட்டத்தில் நிற்கும் பழைய லாயமும் ஏறக்குறைய அதே அளவுதான். தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. குதிரை ஒன்று, குடும்பத்தில் ஏழெட்டுப் பேர். குதிரையின் தரை கல்லில் பாவி, சரிவு வைத்து, வடிகால் வெட்டியது. எங்கள் தரை மண். அப்பாயி சாணம் போட்டு மெழுகுவாள். லாயத்தில் ஈரப்புல் ஒரு நாள் மாற்றாமல் கிடந்தால் துரை சத்தம் போடுவார். லயத்துக் கூரை ஒழுகினால் மழை விடும்வரை பொறுத்திருக்க வேண்டும். என் அப்பா பிறந்து படுத்த படுக்கை, லாயத்தில் கழித்துப் போட்ட வைக்கோலில் நனையாததை வெயிலில் காயவைத்துச் சாக்கில் அடைத்துத் தைத்தது. அப்பாயி அதை வெட்கமாகச் சொன்னதில்லையாம். நல்ல வைக்கோல் என்றுதான் சொல்வாளாம். குதிரைமேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அதற்குக் கிடைத்தது ஒரு பிராணிக்குக் கிடைக்க வேண்டிய நியாயம்தான். அந்த நியாயத்தைத் தன் கையால் செய்துகொடுத்தவளுக்கு அதே தோட்டத்தில் அது கிடைக்கவில்லை என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

குதிரைத் தீனியான கொள்ளைக் குதிரைக்காரன் திருடுவான், அவனைக் கண்காணிக்காவிட்டால் குதிரை இளைக்கும் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயக் கைநூல்கள் எச்சரித்தன. குதிரை முன்னால் நின்று அது தின்று முடிக்கும்வரை பார்க்கச் சொன்னார்கள். கொள்ளு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, மாட்டுவண்டியில் மலையேறி வருவது, விலை கூடியது. பசியுள்ள வீட்டின் வழியாக அது போனது என்பதை அந்த நூல்கள் எழுதவில்லை. சின்ன துரைமார் தமிழ் கற்க ‘இங்கே வா’ என்ற பெயரில் ஒரு கைநூல் கொழும்பில் அச்சானது. கூப்பிடவும் ஏவவும் அதட்டவும் அதில் வசனங்கள் இருந்தன. கூப்பிடப்பட்டவர்கள் அறிந்திருந்ததைக் கேட்டு எழுத யாரும் நூல் போடவில்லை.

நம்மிடம் குதிரைச் சாஸ்திரம் இல்லாமலும் இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரை லாயத்துக்கு விதி சொல்கிறது: ஒவ்வொரு குதிரையின் இடத்திலும் இழைத்த பலகைத் தரை இருக்க வேண்டும், மூத்திரமும் சாணமும் வெளியேற வழி இருக்க வேண்டும், வாசல் வடக்கையோ கிழக்கையோ பார்க்க வேண்டும். நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் அச்சிட்டது. இவை அரண்மனைக்கு எழுதியவை. அரண்மனையிலும் எழுத்து கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஒருவன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியாக வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் செத்துப்போகின்றன என்று எழுதினார். வணிகர் வாய்க் கணக்கு கொஞ்சம் பெருத்திருக்கலாம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆறு நூற்றாண்டு கழித்து, தலைமன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களின் பிள்ளைகள், பாண்டியன் லாயத்தைவிடப் பலமடங்கு ஈரமான ஒரு மலையில் குதிரைகளை நொண்டாமல், இருமாமல் வைத்திருந்தார்கள். 1900இல் இலங்கையிலிருந்து குதிரைப்படைப் பிரிவொன்று போயர் போருக்குத் தென்னாப்பிரிக்கா போனது. அதில் சேர்ந்தவர்களில் தோட்டத்துரைமார் பலர். அவர்கள் ஏறிய குதிரைகளைத் தோட்டத்து லாயங்களில் தேய்த்து வளர்த்தவர்கள் யார் என்று எந்தப் பட்டியலிலும் காணவில்லை.

அந்த வேலைக்கு ஆபத்தும் இருந்தது. குதிரைச் சாணம் கலந்த மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கும். செருப்பில்லாத காலில் முள்ளின் பல் குத்தினால், தடுப்பூசி இல்லாத அந்தக் காலத்தில், வாய் பூட்டிக்கொண்டு சாகவும் நேரும். அப்பாயி அதற்குப் பயந்தவள். முள்ளை ஒருநாளும் படுக்கைக்குள் விட்டுவைக்கமாட்டாள். சுவரில் ஆணியடித்து, பல் சுவரைப் பார்க்கத் தொங்கவிடுவாள். அந்த ஆணி இன்னும் இருக்கிறது.

குதிரைகள் போனது ஒரே நாளில் இல்லை. முதலில் சின்ன துரைமார் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். பெரிய துரை கார் வாங்கினார். பதுளைக்கு ரயில் வந்தது. தோட்டப் பாதைகள் அகலமாகின. வயதான குதிரையை வைத்திருந்த கடைசித் துரை ஊருக்குப் போனபோது தாத்தாவுக்கு ஒரு பழைய கோட்டும், தோட்டத்தில் கவ்வாத்து வேலையும் கிடைத்தன. குதிரையின் நடையைப் பார்த்தே எந்தக் குளம்பில் நோவு என்று சொல்லக்கூடிய மனிதர், அறுபது வயதை நெருங்கும்போது கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கக் கற்றார். அப்பாயி கொழுந்துக்குப் போனாள். பத்தனைகளிலும் பெரும்பகுதி தேயிலையாகவும் யூக்கலிப்டஸ் காடாகவும் மாறியது. லாயம் கார் கராஜானது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது அது உர ஸ்டோர். 1992இல் கம்பனிகள் வந்தபின் பழைய தகரமும் உடைந்த கொழுந்துக் கூடையும் போடும் இடம். தரையின் சரிவும் நடுவிலுள்ள வடிகாலும் அப்படியே இருக்கின்றன. உரத்தின் உப்பு அரித்தும் கல் பெயரவில்லை.

மலையக வரலாறு என்று நாம் எழுதுவதில் கங்காணி வருகிறார், துண்டு முறை வருகிறது, தொழிற்சங்கம் வருகிறது, குடியுரிமைப் பறிப்பு வருகிறது. வரவேண்டியவைதான். பங்களாவைச் சுற்றி வேலை செய்த அப்பு, தோட்டக்காரன், ஆயா, குதிரைக்காரன், புல்லுக்காரி இவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட நம்மிடம் ஒழுங்காக இல்லை. துரையின் ஆட்கள் என்று அவர்களை லயத்தவர்களே சற்றுத் தள்ளி வைத்தார்கள் என்பதும் உண்மை. அந்த விலகல் போதும். அவர்கள் கையில் இருந்தது கும்பிடு மட்டும் இல்லை, தொழிலறிவு. எந்தப் புல்லை எந்த மாதத்தில் வெட்டுவது, எதை அடியில் போடுவது, எவ்வளவு கனம், எந்த இலையைப் பொறுக்கி எறிவது என்று அவர்கள் தெரிந்துவைத்திருந்தது, நுவரெலியாவில் இன்று குதிரை வளர்க்கும் இளைஞர்களுக்கும்கூடப் பயன்படும்.

உங்கள் தோட்டத்தில் பழைய லாயம் ஒன்று இன்னும் நின்றால், இடிப்பதற்கு முன் உள்ளே போய்த் தரையை அளந்து, வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, படமெடுத்து வையுங்கள். குதிரைக்காரக் குடும்பத்தில் பிறந்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த மாதத்திலேயே போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் அப்படிக் கேட்க இனி யாரும் இல்லை.